பறக்கக் கற்ற சிறுவர்

மூதூர் இறங்குதுறையிலே மாலை வேளையில் நின்று வடமேற்கே நோக்குவோருக்குக் கொட்டியாரக் குடாவின் நீர்ப்பரப்புக்கு அப்பால் திருகோணமலைக் குன்றுகள் நீல நிறமாகத் தோன்றும். அக்குன்றுகளுக்கு இடப்புறத்தே, நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய எட்டு மைல் தொலைவில், சீனன்குடா விமானத்தளம் அமைந்திருக்கிறது. அங்கிருந்து எழுகின்ற பயிற்சி விமானம் குடாவின் மேலே வட்டமிட்டுத் திரும்புவது மூதூர்ச் சிறுவருக்குப் புதுமையான காட்சியன்று. வலை உலர்த்தும் மணலிலே நின்று அதனை அண்ணாந்து பார்க்கின்ற பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுவனொருவன், தன் வாப்பாவையோ அப்பாவையோ நோக்கி, "நானும் இப்படிப் பறக்கப் பழகலாமா?" என்று கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம். தகப்பனார் என்ன சொல்வார்? "அது காசுள்ள வீட்டுப் பிள்ளைகளின் காரியம், மகன். நீ போய்ப் படிக்கிற வேலையைப் பார்" என்றே சொல்வார்.

இந்த விடையில் உண்மை உண்டு. விமானத்தின் விலை பெரிது. அது குடிக்கும் எண்ணெயின் விலையும் பெரிது. ஆயினும் கடந்த நூற்றிருபது ஆண்டுக் கால வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், கையில் காசில்லாத இளைஞரும், பள்ளிக்கூடத்துச் சிறுவரும் வானத்திலே ஏறிய சந்தர்ப்பங்கள் பல உண்டு. அவர்கள் எவ்வாறு ஏறினர், அவர்களுக்காக அச்செலவை யார் ஏற்றனர், எதற்காக ஏற்றனர் என்ற மூன்று கேள்விகளையும் இன்று நேயர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றேன். மூன்றாவது கேள்வியே மிக முக்கியமானது என்பது போகப் போகத் தெளிவாகும்.

முதலில் நமது குடாவையே எடுத்துக்கொள்வோம். இலங்கை மக்கள் ஆகாய விமானத்தை முதன்முதலாகக் கண்டது வேடிக்கைப் பொருளாகத்தான். 1912ஆம் ஆண்டு டிசெம்பரில் மார்க் பூர்ப் என்ற பிரெஞ்சு விமானி கொழும்பிலே பறந்து காட்டினார். திருகோணமலைப் பகுதிக்கோ விமானம் வேடிக்கையாக வரவில்லை, படைக்கலமாக வந்தது. பிரித்தானிய விமானப்படை சீனன்குடாவிலே தளம் அமைத்தது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆந் தேதி காலை, நூற்றுக்கு மேற்பட்ட யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. தளத்திலிருந்து எழுந்த ஹரிகேன் விமானங்கள் அவற்றை எதிர்த்துப் போரிட்டன. அன்றைய தினமே ஹேர்மஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலிலே மூழ்கடிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளின் பின், 1944 ஓகஸ்ட் 10ஆந் தேதி மாலை, ஐம்பதுக்கு மேற்பட்ட அமெரிக்கப் பெருங்குண்டு விமானங்கள் சீனன்குடாவிலிருந்து புறப்பட்டுச் சுமாத்திராவிலுள்ள பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களை நோக்கிச் சென்றன. போக வர 3,800 மைலுக்கு மேற்பட்ட அப்பயணத்துக்கென ஓடுபாதை 7,200 அடியாக நீட்டப்பட்டது.

இவ்வளவு பெரிய காரியங்கள் தம் தலைக்கு மேலே நிகழ்ந்தபோதிலும், கரையிலிருந்த மக்களுக்கு அவற்றில் ஒரு பங்குமில்லை. அவர்கள் பார்த்தனர், அஞ்சினர், பதுங்கினர். வானம் அவர்களுக்கு அண்மையிலிருந்தது. வானத்தின் வழி அவர்களுக்கு மூடப்பட்டிருந்தது. இந்த நிலை மூதூருக்கு மட்டும் உரியதன்று. உலகில் பெரும்பாலான ஊர்களின் நிலை அதுதான்.

இனி, முதற் கேள்விக்கு வருவோம். காசில்லாதோர் எவ்வாறு பறந்தனர்?

பறத்தற் கலையின் பிள்ளைப் பருவத்தை நோக்கினால், அதனை வளர்த்தோர் இயந்திரத்தை முதலில் தேடியவரல்லர் என்பது புலனாகும். ஜேர்மனியரான ஓட்டோ லிலியன்தால் என்பவர் மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்த இறக்கைகளைத் தோளிலே மாட்டிக்கொண்டு, குன்றின் சரிவிலே காற்றை எதிர்த்து ஓடி, மிதந்து இறங்கினார். 1891ஆம் ஆண்டு முதல் 1896ஆம் ஆண்டு வரை இரண்டாயிரத்துக்குக் குறையாத தடவைகள் அவர் இவ்வாறு பறந்தனர் என்பர். 1896 ஓகஸ்ட்டிலே அத்தகைய ஒரு முயற்சியிலேயே கீழே வீழ்ந்து உயிர் நீத்தார்.

அமெரிக்காவிலே துவிச்சக்கரவண்டிக் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள் 1899ஆம் ஆண்டில் செய்தது ஒரு பட்டம். அப்பட்டத்தின் இறக்கைகளைக் கயிற்றினால் முறுக்கி, அது எவ்வாறு சாய்கின்றது என்று கவனித்தனர். பின்னர் 1900, 1901, 1902 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இயந்திரமில்லாத விமானங்களைச் செய்து, கடற்கரை மணல்மேடுகளிலே பறந்து பழகினர். காற்றை அடக்கி ஆளக் கற்றுக்கொண்ட பின்னரே இயந்திரத்தைப் பூட்டினர். 1903 டிசெம்பர் 17ஆந் தேதி 12 விநாடி நேரம் 120 அடி தூரம் பறந்த அம்முதல் விமானத்துக்கு அவர்கள் செலவிட்டது ஆயிரம் டொலருக்கு உட்பட்ட தொகையே. அதே காலத்தில் பேராசிரியர் லாங்லி அமெரிக்க யுத்த இலாகாவிடம் ஐம்பதினாயிரம் டொலர் பெற்று ஒரு விமானம் செய்தார். ரைட் சகோதரர் பறப்பதற்கு ஒன்பது நாள் முந்தி அது ஆற்றிலே வீழ்ந்தது. லாங்லி பெரிய அறிஞர்தாம்; ஆனால் அவருடைய விமானத்தை ஓட்ட ஏறியவர் மிதந்து பழகியவரல்லர். பறத்தலிலே விலையுயர்ந்தது இயந்திரம், இன்றியமையாதது பழக்கம். பழக்கத்தை இயந்திரமில்லாமலும் பெறலாம் என்பதே இவ்விரு நிகழ்ச்சிகளும் தரும் பாடம்.

இப்பாடத்தைப் பள்ளிக்கூடத்துச் சிறுவரே முதலில் கைக்கொண்டனர் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. ஜேர்மனியிலே டார்ம்ஸ்டாட் என்னும் நகரத்து மாணவர் சிலர் 1909ஆம் ஆண்டளவில் தமக்குள் ஒரு பறத்தற் சங்கம் அமைத்தனர். கையிற் கிடைத்த மரத்தையும் துணியையும் கொண்டு தாமே கிளைடர்களைச் செய்தனர். கிளைடர் என்பது இயந்திரம் இல்லாமல், காற்றின் துணையால் மிதந்து செல்லும் விமானம். 1911ஆம் ஆண்டில் அவர்கள் வாசர்குப்பே என்ற புல்மலைக்குத் தம் கிளைடர்களைக் கொண்டு சென்றனர். மறு ஆண்டு அவர்களில் ஒருவரான ஹான்ஸ் குட்டர்முத் அம்மலையிலிருந்து 838 மீற்றர் தூரம் பறந்தார். எந்த அரசும் அவர்களுக்கு உதவவில்லை. தச்சு வேலையும் தையல் வேலையும் தோழமையுமே அவர்களுடைய முதல்.

முதலாம் உலகப் போரிலே ஜேர்மனி தோற்றது. 1919ஆம் ஆண்டின் வெர்சேல்ஸ் உடன்படிக்கை, அந்நாடு விமானப்படை வைத்திருத்தலாகாது என்று விதித்தது. இயந்திர விமானம் செய்வதற்கும் கடுந்தடைகள் ஏற்பட்டன. வாலிபர்களிடம் பணமுமில்லை, இயந்திரமுமில்லை. அந்நிலையில் ஒஸ்கார் உர்சினுஸ் என்ற பத்திரிகாசிரியரின் அழைப்பின்பேரில், 1920ஆம் ஆண்டில் அவர்கள் வாசர்குப்பே மலையிலே கூடி முதலாவது கிளைடர்ப் போட்டியை நடத்தினர். அங்கிருந்து அக்கலை உலகெங்கும் பரவிற்று.

அக்காலத்துக் கிளைடர்ப் பள்ளியொன்றில் நடந்ததைச் சற்று விளக்கிச் சொல்வது நன்று. ஒரு மரச்சட்டம், அதன் மேலே ஓர் இறக்கை, முன்னாலே திறந்த வெளியில் ஓர் ஆசனம், அடியிலே சறுக்குக் கட்டை. பழக வந்த சிறுவன் ஆசனத்தில் அமர்ந்து வாரினால் தன்னைக் கட்டிக்கொள்வான். வாலைச் சிலர் பிடித்துக்கொள்வர். மூக்கிலே மாட்டிய தடித்த இறப்பர்க் கயிற்றின் இரு முனைகளையும் இரண்டு கூட்டத்தார் பற்றிக்கொண்டு சரிவிலே கீழ்நோக்கி ஓடுவர். கயிறு நன்றாக நீண்டதும் வாலை விடுவர். கவணிலிருந்து புறப்படும் கல்லைப்போலக் கிளைடர் முன்னே பாயும். முதல் நாட்களிலே அது நிலத்தில் சறுக்கி ஓடுவதோடு சரி. பின்னர் இரண்டு முழ உயரம் எழும். பின்னர் தென்னை உயரம். ஆசிரியர் கூட ஏறுவதற்கு இடமில்லை. ஆகவே ஒவ்வொரு படியையும் சிறிது சிறிதாகவே ஏறவேண்டும்.

அரை நிமிடம் நேராகப் பறந்து செம்மையாக இறங்கியவனுக்கு முதலாம் சின்னம். ஒரு நிமிடம் பறந்து இடமும் வலமும் திரும்பிக் காட்டியவனுக்கு இரண்டாம் சின்னம். சரிவிலே மோதி மேலெழும் காற்றைப் பற்றிக்கொண்டு, புறப்பட்ட இடத்தினும் உயரத்தில் ஐந்து நிமிடம் நின்றவனுக்கு மூன்றாம் சின்னம். ஒருவன் அரை நிமிடம் பறந்த பின்பு, தோழர் அனைவரும் சேர்ந்து அக்கிளைடரை மீண்டும் மலையுச்சிக்கு இழுத்துச் செல்ல வேண்டும். ஒருவனுடைய பறப்புக்குப் பத்துப் பேருடைய உழைப்பு விலை. தன் முறை வரும்வரை பிறர்க்காகக் கயிறிழுத்தவனே பறந்தான். இவ்வாறு, பணத்தாலே கொடுக்க இயலாத விலையை உடலுழைப்பாலே கொடுக்கும் வழி பிறந்தது.

இரண்டாவது வழி கழக வழி. மூதூர் மக்களுக்கு இதனை விளக்குவது எளிது. கிண்ணியாப் பாலமும் ஏனைய பாலங்களும் அமையுமுன்னர், மூதூரிலிருந்து திருகோணமலைக்குச் செல்ல விரும்பியவர் லாஞ்சிலே ஏறிக் குடாவைக் கடந்தனர். அதற்காக எவரும் தமக்கென ஒரு லாஞ்சு வாங்கியதில்லை. ஒரே லாஞ்சு ஊர் முழுவதற்கும் பயன்பட்டது. ஏறியவர் தத்தம் பங்கைக் கொடுத்தனர். விமானத்தையும் இவ்வாறு பொதுவிலே வைத்துக்கொண்டால் என்ன என்ற எண்ணமே பறத்தற் கழகங்களைத் தோற்றுவித்தது.

அவ்வெண்ணத்துக்கு ஏற்ற விமானம் 1925ஆம் ஆண்டு பெப்ரவரியில் பிரித்தானியாவிலே முதன்முதற் பறந்தது. அதன் பெயர் மொத். டி ஹாவிலன்ட் என்பவர் செய்த இச்சிறு விமானத்தின் எஞ்சினுக்கு ஒரு கதை உண்டு. போர் முடிந்தபின் எஞ்சிக் கிடந்த எட்டு உருளை எஞ்சின்களைப் பாதியாக்கி, அவற்றின் பாகங்களைக் கொண்டே ஹல்போர்ட் என்ற பொறியியலாளர் நான்கு உருளை எஞ்சினை ஆக்கினார். ஆகவே விலை குறைந்தது. இறக்கைகளை மடித்துச் சிறிய கொட்டகையிலே நிறுத்தலாம் என்பதால் வாடகையும் குறைந்தது. பிரித்தானிய அரசாங்கம் கழகங்களுக்கு மானியம் வழங்கிற்று. ஆசிரியர் முன்னாசனத்திலும் மாணவர் பின்னாசனத்திலும் அமர்ந்து, ஒரு மணி நேரப் பயிற்சிக்குரிய பங்கை மட்டும் செலுத்திப் பழகும் முறை ஏற்பட்டது.

லண்டன் நகரத்துச் சட்டத்தரணி அலுவலகமொன்றிலே தட்டெழுத்தாளராக வேலைபார்த்த ஏமி ஜோன்சன் என்ற பெண் 1928ஆம் ஆண்டில் அத்தகைய கழகமொன்றில் சேர்ந்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தால் அவர் பழகினார். அலுவலகத்துக்குச் செல்லுமுன் விடியற்காலையிலே விமானக் கொட்டகைக்குச் சென்று, மெக்கானிக்குகளோடு சேர்ந்து எண்ணெய்க் கறை படிய எஞ்சின் வேலை கற்றார். 1929ஆம் ஆண்டில் விமானி அனுமதிப்பத்திரமும் விமானப் பொறி பேணும் அனுமதிப்பத்திரமும் பெற்றார். 1930 மே மாதத்தில், பழைய மொத் விமானமொன்றிலே தனியாக இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவரை பறந்து உலகத்தை வியக்கவைத்தார். பறத்தல் ஆண்பிள்ளைகளுக்கே உரியது என்று எண்ணும் பெற்றோர் இவ்வம்மையாரின் வரலாற்றை நினைவிற் கொள்ளவேண்டும்.

அந்த வழி விரைவிலே நமது பக்கத்துக்கும் வந்தது. 1928ஆம் ஆண்டு முதல் இந்தியாவிலே டில்லி, பம்பாய், கல்கத்தா, கராச்சி ஆகிய நகரங்களிற் பறத்தற் கழகங்கள் தோன்றின. அரசாங்கம் அவற்றுக்கு உதவி புரிந்தது. 1929 பெப்ரவரி 10ஆந் தேதி ஜே. ஆர். டி. டாட்டா இந்தியாவிலே முதலாவது விமானி அனுமதிப்பத்திரத்தைப் பெற்றார். அவர் செல்வர் வீட்டுப் பிள்ளை. ஆனால் மறு ஆண்டு நடந்த நிகழ்ச்சி, வானத்திலே வயதும் செல்வமும் மட்டும் வெற்றி தருவதில்லை என்று காட்டிற்று. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்குப் பரிசளிப்பதாக ஆகாகான் அறிவித்தார். கராச்சியிலிருந்து டாட்டா புறப்பட்டார். இங்கிலாந்திலிருந்து அஸ்பி எஞ்சினியர் என்ற பதினேழு வயது இளைஞர் புறப்பட்டார். எகிப்திலுள்ள அபூக்கிர் தளத்திலே, எஞ்சினுக்கு வேண்டிய ஸ்பார்க் பிளக் கிடைக்காமல் அஸ்பி காத்துக்கிடந்தார். எதிர்த்திசையில் வந்திறங்கிய டாட்டா தம்மிடமிருந்த மேலதிக பிளக்குகளைப் போட்டியாளரான அவருக்கே கொடுத்தார். அஸ்பி முந்திக் கராச்சி சேர்ந்து பரிசை வென்றார். அவ்விளைஞரே பிற்காலத்தில், 1960ஆம் ஆண்டு முதல் 1964ஆம் ஆண்டு வரை, இந்திய விமானப்படையின் தளபதியாக விளங்கினார்.

1930ஆம் ஆண்டளவில் சென்னையிலும் பறத்தற் கழகம் இயங்கத் தொடங்கிற்று. இலங்கையின் விமான வரலாற்றிலே அக்கழகத்துக்கு ஓர் இடமுண்டு. கொழும்புக்கு அருகே இரத்மலானையிலே புதிதாக அமைத்த விமான நிலையத்தில், 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆந் தேதி, முதன்முதலாக ஒரு விமானம் இறங்கிற்று. அதனை ஓட்டிவந்த டின்டேல் பிஸ்கோ என்பவர் சென்னைப் பறத்தற் கழகத்தின் தலைமைப் போதனாசிரியர். அரச படையும் பெருங்கம்பனியும் இறங்குமுன், பலர் பங்கிட்டு நடத்திய ஒரு கழகத்தின் ஆசிரியரே நமது நாட்டின் நிலையத்தில் முதலில் இறங்கினார் என்பது சிந்திக்கத்தக்கது.

இதுவரை கூறியவற்றால் முதலிரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டது. இயந்திரத்தை விலக்கியும், விமானத்தைப் பொதுவாக்கியும், பணத்துக்குப் பதிலாக உழைப்பைக் கொடுத்தும் இளைஞர் பறந்தனர். எஞ்சிய செலவை அரசாங்கம் ஏற்றது. இனி, மூன்றாவது கேள்வி: அரசாங்கம் எதற்காக அதனை ஏற்றது?

இங்கேதான் இவ்வரலாற்றின் கசப்பான பகுதி தொடங்குகின்றது. ஜேர்மனியிலே புல்மலைகளிற் கயிறிழுத்த சிறுவரின் கழகங்கள், ஹிட்லரின் ஆட்சியில் அரச இயக்கத்தின் கீழே கொண்டுவரப்பட்டன. 1935ஆம் ஆண்டில் ஜேர்மனி தன் விமானப்படையை வெளிப்படையாக அறிவித்தபோது, கிளைடரிலே பழகிய இளைஞர் பலர் அதற்கு ஆயத்தமாக இருந்தனர். விளையாட்டாகத் தொடங்கிய கலை, போருக்கு ஆள் சேர்க்கும் வாயிலாயிற்று. பிரித்தானியாவிலே 1938ஆம் ஆண்டில் 14 முதல் 18 வயதுவரையுள்ள சிறுவருக்கென ஒரு விமானப் பயிற்சி அணி ஏற்பட்டது. அதுவே 1941 பெப்ரவரியில் அரசாங்கத்தின் விமானப் பயிற்சிப் படையணியாக மாறிற்று. அந்த அணிகளிலே சேர்ந்த ஏழைச் சிறுவருக்கு வானம் கிடைத்தது மெய். ஆனால் அவர்களிற் பலர் இருபது வயது நிரம்புமுன் அதே வானத்திலே மாண்டனர் என்பதும் மெய்.

ஆகவே, சிறுவர்க்கு இலவசமாகக் கிடைக்கும் பறப்பு உண்மையிலே இலவசமா என்று பெற்றோர் வினவுதல் தவறன்று. இதனைக் கூறுவதால் படைசார்ந்த பயிற்சி யாவும் தீயதென்று கருதலாகாது. இந்தியாவிலே 1948ஆம் ஆண்டின் சட்டப்படி தேசிய மாணவர் படை அமைந்தது. 1950ஆம் ஆண்டில் அதன் விமானப் பிரிவு தோன்றிற்று. பள்ளி, கல்லூரி மாணவர் எத்தனையோ பேர் அதன் வாயிலாகக் கிளைடரிலும் சிறு விமானத்திலும் ஏறும் வாய்ப்பைப் பெற்றனர். அவர்களிற் பெரும்பாலோர் படையிற் சேரவில்லை. ஆசிரியராகவும் வைத்தியராகவும் வாழ்ந்தனர். சமாதான காலத்திலும் ஓர் அரசு சிறுவரின் பறப்புக்குச் செலவிடலாம் என்பதற்கு அது சான்று.

மீண்டும் நமது நாட்டுக்கு வருவோம். 1947 டிசெம்பர் 10ஆந் தேதி எயர் சிலோன் கம்பனியின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. 1951ஆம் ஆண்டு மார்ச்சில் றோயல் சிலோன் விமானப்படை உருவாயிற்று; சிப்மங் என்ற சிறு பயிற்சி விமானங்களிலே நம் நாட்டு இளைஞர் பழகினர். 1957ஆம் ஆண்டில் பிரித்தானியர் திருகோணமலைத் தளத்தையும் கட்டுநாயக்காவையும் இலங்கையிடம் ஒப்படைத்தனர். இன்று சீனன்குடாவிலே இலங்கை விமானப்படையின் கல்விக்கழகம் நடைபெறுகின்றது. உயர்தரக் கல்வி முடித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட பயிலிளவல்கள் அங்கே பறக்கப் பழகுகின்றனர். இரத்மலானையிலே தனியார் பறத்தற் பள்ளிகள் உள்ளன. அங்கே பழகுவதற்குப் பெரும்பணம் வேண்டும். பதினான்கு வயதுடைய மீனவன் மகனுக்கு, படைக்கும் பணத்துக்கும் இடையே மூன்றாவது வாயில் இன்னும் திறக்கவில்லை.

அத்தகைய வாயில் இந்நாட்டிலே இயலாததொன்றா? இரு சக்கர உழவு இயந்திரத்தை ஆக்கிய பொறியியலாளரெனப் பெயர்பெற்ற ரே விஜேவர்தன, சிறிய இலகு விமானங்களைத் தம் கையாலேயே செய்து தாமே பறந்தார். 2010ஆம் ஆண்டில் அவர் மறையும்வரை, பறத்தல் எளிய பொருள்களாலும் இயலும் என்பதற்கு அவரே எடுத்துக்காட்டாக விளங்கினார். அறிவும் கைத்திறனும் இந்த மண்ணுக்கு அந்நியமல்ல.

மூதூர் மக்களுக்கு இவ்விடயத்தில் வேறொரு தடையும் உண்டு. அது மனத்தடை. 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மூதூரைச் சூழப் போர் மூண்டபோது, ஆயிரமாயிரம் குடும்பங்கள் வீடுவாசலை விட்டுக் கந்தளாய் முதலிய இடங்களுக்கு நடந்தன. அந்நாட்களிலே வானத்து இரைச்சல் கேட்டால் பிள்ளையை அணைத்துக்கொண்டு நிலத்திலே படுத்த தாய்மார் இன்றும் இருக்கின்றனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே இரைச்சலைக் கேட்டு வாசலுக்கு ஓடி, மகிழ்ச்சியோடு மேலே பார்க்கின்றனர். தாய்மாரின் அச்சத்தை நாம் இகழலாகாது. பிள்ளைகளின் மகிழ்ச்சியைக் கெடுக்கவும் கூடாது.

அவ்வாறாயின், பறக்க விரும்பும் சிறுவனோ சிறுமியோ இன்றைக்குச் செய்யத்தக்கது என்ன? சில கூறி முடிக்கின்றேன்.

முதலாவது, வயது வரம்பை அறிந்துகொள்ளல். சர்வதேச விதிப்படி தனியார் விமானி அனுமதிப்பத்திரம் பெறக் குறைந்த வயது 17. கிளைடர் அனுமதிப்பத்திரத்துக்கு 16. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் 14 வயதிலேயே கிளைடரைத் தனியாக ஓட்ட இடமளிக்கின்றனர். ஆகவே பதின்மூன்று வயதிலே விமானம் கிடைக்கவில்லையே என்று ஏங்குவது வீண். அது ஆயத்தம் செய்யும் வயது.

இரண்டாவது, அந்த ஆயத்தத்துக்குச் செலவு மிகச் சிறிது. பட்டத்துக்கு முச்சை கட்டத் தெரிந்தவனுக்கு இறக்கையின் சாய்வுகோணம் என்றால் என்னவென்று கைக்குத் தெரியும். முச்சையை மேலே ஏற்றினால் பட்டம் எப்படி நிற்கின்றது, கீழே இறக்கினால் ஏன் குத்துகின்றது, வாலின் பாரம் எதற்கு என்று ஒரு கொப்பியிலே எழுதிவைக்கட்டும். மெல்லிய பலகையாலும் கடதாசியாலும் மாதிரிக் கிளைடர் செய்து மணலிலே எறிந்து பார்க்கட்டும். ரைட் சகோதரர் தொடங்கிய இடம் அதுவே. ஆனால் மனிதனைத் தாங்கும் இறக்கையைத் தானே செய்து உயரத்திலிருந்து குதிக்க எந்தச் சிறுவனும் முற்படலாகாது. லிலியன்தாலின் முடிவு நமக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும்.

மூன்றாவது, கணிதமும் பௌதிகமும் ஆங்கிலமும். விமானி அனுமதிப்பத்திரத்துக்குப் பறத்தற் பயிற்சியோடு எழுத்துப் பரீட்சையும் உண்டு. காற்று, முகில், திசை, நிறை ஆகியவை பற்றிய அப்பாடங்களைப் பாடசாலை நூலகத்திலிருந்தே தொடங்கலாம். கண்ணையும் காதையும் பேணுதலும் அவசியம். வைத்தியப் பரிசோதனையிலே தேறாதவருக்கு எவ்வளவு பணமிருந்தும் பயனில்லை.

நான்காவது, பிள்ளைகள் தாமாகச் செய்ய இயலாதது. ஊராரும் ஆசிரியரும் அரசாங்கமும் சேர்ந்து செய்யவேண்டியது. கிளைடர் ஒன்று, அதனை இழுத்தெழுப்பும் சுருட்டுப்பொறி ஒன்று, தகுதிவாய்ந்த போதனாசிரியர் ஒருவர், அனுமதி பெற்ற வெளி ஒன்று ஆகிய நான்கும் இருந்தால் ஒரு மாவட்டத்துச் சிறுவர் அனைவருக்கும் போதும். இந்தியாவிலே புனா நகரத்துக் கிளைடர் நிலையம் நெடுங்காலம் அரசாங்கத்தின் ஆதரவில் இயங்கிற்று. போருக்கென 7,200 அடியாக நீண்ட ஓடுபாதையின் அருகே வாழும் மக்கள், வாரத்தில் ஒரு நாளேனும் சமாதானத்துக்கென ஒரு வெளியைக் கேட்பது பேராசையாகாது.

வாடை எப்போது எழும், சோளகம் எப்போது ஓயும், கச்சான் வீசும்போது குடாவின் எந்தப் பக்கத்தில் தோணியை ஒதுக்கவேண்டும் என்பனவற்றை மூதூர்ச் சிறுவன் தகப்பனாரின் தோணியிலிருந்தே கற்றுவிடுகின்றான். கிளைடர்ப் பள்ளியிலே முதலாம் ஆண்டு கற்பிக்கும் பாடமும் அதுதான்: காற்றை அறிதல். எனவே, "நானும் பறக்கப் பழகலாமா?" என்று நாளை மாலை மகன் கேட்டால், தகப்பனார் வேறு விடை கூறலாம். "பாதி நீ இப்போதே பழகிவிட்டாய், மகன். மற்றப் பாதிக்கு ஊரார்தான் வழி காணவேண்டும்" என்று அவர் சொல்லட்டும். அது மெய்யான விடை.